எந்த விதி, எந்த நாள், யார் சொன்னது?

அமெரிக்காவின் தென் மாநிலம் ஒன்றில் வழக்கறிஞராக இருக்கிறேன். என்னிடம் வருபவை பெரும்பாலும் வேலைநீக்கம், சம்பள பாக்கி, வாடகைத் தகராறு போன்றவை. மாணவர் வழக்கு எப்போதாவதுதான் வரும். கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட பிள்ளைகளுக்கு வக்கீலைப் பார்க்கலாம் என்று தோன்றுவதே இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறார்கள். இந்த வழக்கிலும் மாணவி வரவில்லை. அவளுடைய பாட்டிதான் வந்தார்.

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்லூரி அனுப்பிய கடிதத்தைக் கசங்காமல் பைபிளுக்குள் வைத்து எடுத்து வந்திருந்தார். "இதுல என் பேத்தி என்ன பண்ணினான்னு எங்கே எழுதியிருக்கு, காட்டுங்க வக்கீலம்மா. நானும் திரும்பத் திரும்பப் படிச்சுப் பார்க்கிறேன், எனக்குத் தட்டுப்படலை" என்றார்.

நானும் படித்தேன். ராகிங் தொடர்பான செயல்களில் ஈடுபட்டதாகத் தெரியவந்ததால் கல்லூரியிலிருந்து உடனடியாக நீக்கப்படுகிறீர்கள், மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் விடுதி அறையைக் காலி செய்ய வேண்டும், அதன்பின் வளாகத்துக்குள் வந்தால் அத்துமீறலாகக் கருதப்படும். இவ்வளவுதான். என்றைக்கு நடந்தது, எங்கே, யாருக்கு, எந்த விதியை மீறினாள், யார் புகார் சொன்னது என்று ஒரு வரி இல்லை. மேல்முறையீடு பற்றியும் பேச்சில்லை. அவளைக் கூப்பிட்டு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்றார் பாட்டி. நீக்கம் நடந்தது அக்டோபர் மாதத்தில், செமஸ்டரின் நடுவில்.

அந்தக் கல்லூரியின் பெயரை எழுதப் போவதில்லை. அந்தப் பெண்ணின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது. அது மாநில அரசு நடத்தும் கறுப்பினப் பல்கலைக்கழகங்களில் ஒன்று என்பது மட்டும் போதும். எச்.பி.சி.யூ. என்று இங்கே சொல்வார்கள். 1964க்கு முன், கறுப்பின மக்களின் கல்வியையே முதன்மை நோக்கமாகக் கொண்டு தொடங்கப்பட்ட கல்லூரிகளுக்கு 1965ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டம் கொடுத்த அடையாளம் அது. இன்று சுமார் நூறு இருக்கின்றன, பெரும்பாலும் தென் மாநிலங்களில். அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதையே குற்றமாக்கிய மாநிலங்கள் இவற்றில் உண்டு. உள்நாட்டுப் போர் முடிந்ததும் விடுதலையான மக்களும் திருச்சபைகளும் பள்ளிகளைத் திறந்தார்கள். பல கல்லூரிகளின் வேர் அந்தப் பள்ளிகள்தான். இன்னும் சில, 1890இல் வந்த இரண்டாம் மோரில் சட்டத்தால் பிறந்தவை. மத்திய அரசின் நிதி வேண்டுமானால் கறுப்பின மாணவர்களையும் சேர்க்க வேண்டும், இல்லையேல் அவர்களுக்குத் தனிக் கல்லூரி வைக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். தென் மாநிலங்கள் தனிக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தன. வெள்ளையர் கல்லூரிக்குள் வரவிடாமல் தடுக்கக் கட்டிய கட்டடங்கள் அவை, நிதியும் குறைத்தே தரப்பட்டது. உள்ளே வந்தவர்களோ அவற்றைத் தங்கள் சொந்த வீடாக்கிக்கொண்டார்கள்.

அந்த வீடு எப்படி இருந்தது என்பதை அந்தப் பெண் சொல்லக் கேட்டுத்தான் நான் தெரிந்துகொண்டேன். பாட்டி வந்துபோன மறுநாள் வந்தாள். இரண்டாம் ஆண்டு மாணவி. குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். வழக்கு விவரம் கேட்பதற்கு முன் அவளுடைய ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டேன். எந்த வழக்கிலும் நான் அப்படித்தான் தொடங்குவேன். என்ன பறிபோயிற்று என்று தெரியாமல் அதைத் திருப்பிக் கேட்க முடியாது.

மேல்நிலைப் பள்ளியில் உயர்நிலைக் கணித வகுப்பில் அவள் ஒருத்திதான் கறுப்பினப் பெண்ணாம். அடிமை முறை பற்றிப் பாடம் வந்தால் வகுப்பே திரும்பி அவளைப் பார்க்கும். "இங்க வந்த முதல் வாரம், யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கலை. எனக்கு அது எவ்வளவு பெரிய ஓய்வா இருந்தது தெரியுமா?" என்றாள். வளாகத்தின் நடுவே உள்ள புல்வெளியை 'யார்டு' என்பார்கள். மதியம் வகுப்பு விட்டதும் எல்லோரும் அங்கேதான். கறுப்பின மாணவர் சங்கங்கள் ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு மரமும் பெஞ்சும் உண்டு. அவற்றுக்குரிய வண்ணத்தில் சட்டை போட்டுக்கொண்டு, காலால் தாளம் தட்டி, கையால் தொடையில் அடித்து ஆடுவார்கள். புதன்கிழமை உணவுக்கூடத்தில் பொரித்த கோழி. அன்றைக்கு வரிசை வாசலைத் தாண்டும். ஆங்கிலப் பேராசிரியை ஒருவர், இவள் இரண்டு வகுப்புக்கு வராமல் போனதற்கு நேரே பாட்டிக்கே போன் செய்துவிட்டார். ஹோம்கமிங் வாரத்தில் ஐம்பது வருடத்துக்கு முன் படித்தவர்கள் பேரப்பிள்ளைகளோடு வந்து, கூடாரம் போட்டு, கறி சுட்டு, பழைய விடுதி அறையின் ஜன்னலைக் காட்டி அழுவார்கள்.

பிறகு பேண்ட். பாடம், விடுதி, சாப்பாடு என்று எதைச் சொன்னாலும் அவள் பேச்சு அங்கேதான் போய் நின்றது. கிளாரினெட் வாசிப்பவள். இந்தக் கல்லூரிகளில் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் யாரும் எழுந்து போவதில்லை. பேண்டைப் பார்க்கத்தான் பாதிக் கூட்டம் வந்திருக்கும். ஆட்டம் முடிந்த பிறகும் இரண்டு கல்லூரி பேண்டுகளும் எதிரெதிரே நின்று மாறி மாறி வாசிக்கும். 'ஐந்தாம் கால்பகுதி' என்று அதற்குப் பெயர். நியூ ஆர்லியன்ஸில் கிராம்ப்ளிங்கும் சதர்னும் மோதும் பேயூ கிளாசிக் ஆட்டத்துக்கு பேண்டுகளின் போட்டியே தனி நிகழ்ச்சி. அதற்கான உழைப்பு ஆகஸ்டில் தொடங்குகிறது. வகுப்புகள் திறப்பதற்கு முன்பே, தென் மாநில வெயிலில், விடியற்காலையிலிருந்து இரவு வரை பயிற்சி. முழங்காலை இடுப்பளவு தூக்கி நடக்க வேண்டும், வாசிப்பு பிசகக் கூடாது, எல்லாப் பாட்டும் மனப்பாடம். அந்த உழைப்புக்கு அவளுக்குப் பேண்ட் உதவித்தொகை கிடைத்தது. மத்திய அரசின் பெல் உதவி, கல்விக் கடன், மாலையில் உணவுக்கூடத்தில் வேலை ஆகியவை சேர்ந்துதான் அவள் படிப்பு நடந்தது.

இந்தக் கணக்கை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நடு செமஸ்டரில் ஒரு மாணவி நீக்கப்பட்டால் படிப்பு மட்டும் போவதில்லை. செமஸ்டரில் அறுபது சதவீதம் முடிவதற்குள் வெளியேறினால், அவள் பெயரில் வந்த மத்திய உதவிப் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதைக் கல்லூரி கட்டிவிட்டு அவளிடம் கேட்கும். அவளால் கட்ட முடியாது. கட்டும்வரை மதிப்பெண் சான்றிதழை நிறுத்தி வைக்கும் வழக்கம் அப்போது பல கல்லூரிகளில் இருந்தது. சான்றிதழ் இல்லாமல் வேறு கல்லூரியில் சேர முடியாது. இதற்கிடையே கல்விக் கடனுக்கான ஆறு மாத அவகாசம் ஓடத் தொடங்கிவிடும். பணக்கார வீட்டுப் பிள்ளை நீக்கப்பட்டால் ஒரு வருடம் வீணாகும், வேறிடம் சேரும். இவளைப் போன்ற பெண் நீக்கப்பட்டால் பட்டம் இல்லாத கடன்காரியாக ஊர் திரும்புவாள். நான் இந்த வழக்கை எடுத்ததற்கு முதல் காரணம் இதுதான்.

ஆனால் கல்லூரியின் பயத்தையும் நான் மதித்தேன். 2011 நவம்பர் 19ஆம் தேதி, ஃப்ளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற 'மார்ச்சிங் 100' பேண்டைச் சேர்ந்த ராபர்ட் சாம்பியன் என்ற 26 வயது மாணவர் ஆர்லாண்டோவில் இறந்தார். ஆட்டம் முடிந்து, ஹோட்டல் வாசலில் நின்ற பேண்ட் பேருந்துக்குள் சக மாணவர்களின் அடிகளுக்கு நடுவே முன்னாலிருந்து பின்னால் கடந்து போகும் சடங்கில் அடிபட்டு உயிர் விட்டார். அந்த பேண்ட் 2013 வரை களத்தில் இறங்கவே இல்லை. சக மாணவர்கள் பலர் மீது கிரிமினல் வழக்கு நடந்தது. அதற்குப் பிறகு எந்தக் கறுப்பினக் கல்லூரியின் தலைவரும் பேண்டில் ராகிங் என்ற சொல்லைக் கேட்டால் பதறாமல் இருக்க முடியாது. பதற வேண்டும் என்றே நானும் சொல்வேன். ஒரு தாய் பிள்ளையைப் பேண்டுக்கு அனுப்பிப் பிணமாக வாங்கினார்.

நம் வழக்கில் நடந்தது இது. வளாகத்துக்கு வெளியே ஒரு வாடகை வீட்டில், கிளாரினெட் பிரிவின் மூத்தவர்கள் சிலர் முதலாண்டு மாணவிகளை இரவில் வரவழைத்து மணிக்கணக்கில் உடற்பயிற்சி செய்ய வைத்திருக்கிறார்கள். ஒரு பெண் மயங்கி விழுந்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து கல்லூரிக்குப் பெயரில்லாத ஒரு மின்னஞ்சல் வந்தது. கிளாரினெட் பிரிவின் மூத்த மாணவர்கள் அத்தனை பேரின் பெயர்களும் அதில் இருந்தன. கல்லூரி அந்தப் பட்டியலில் இருந்த எல்லோரையும் நீக்கியது.

"நீ அங்கே இருந்தாயா?" என்று கேட்டேன்.

"கடைசியில இருந்தேன்" என்றாள். அன்று இரவு அவள் உணவுக்கூடத்தில் பாத்திரம் கழுவும் வேலையில் இருந்தாள். வேலை முடிந்து அறைக்குத் திரும்பும்போது அந்த முதலாண்டுப் பெண்ணிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது, வந்து கூட்டிக்கொண்டு போகும்படி. தோழியின் காரை வாங்கிக்கொண்டு போய், மயங்கிக் கிடந்தவளைத் தூக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது இவள்தான். அந்தச் செய்தி அவள் போனில் அப்படியே இருந்தது.

நான் விடாமல் கேட்டேன்: இப்படி நடக்கும் என்று உனக்கு முன்பே தெரியுமா? அவள் நீண்ட நேரம் பேசவில்லை. போன வருடம் அதே வீட்டில் அவளையும் அப்படிச் செய்ய வைத்திருக்கிறார்கள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பேண்டில் இருக்க முடியாது என்று பயம். பேண்ட் போனால் உதவித்தொகை போய்விடும். விசாரணை வந்தால் இந்தக் கேள்வியும் வரும், உண்மையைச் சொல்ல வேண்டும், அதற்குத் தண்டனையும் இருக்கலாம் என்று சொன்னேன். "சொல்றேன்" என்றாள்.

இனி சட்டம். அரசுக் கல்லூரி ஒரு மாணவரை நீக்குமுன் குற்றச்சாட்டைச் சொல்லி, பதில் கேட்க வேண்டும் என்பது இன்று அமெரிக்காவில் எல்லாருக்கும் தெரிந்த விதி. மாணவர் உரிமை பற்றிப் பேசும் எவரும் அதை மேற்கோள் காட்டுவார்கள். அது எங்கிருந்து வந்தது என்பது சட்டம் படித்தவர்களிலேயே பலருக்கு நினைவில்லை. அது ஒரு கறுப்பினக் கல்லூரியின் மாணவர்கள் வாங்கிக் கொடுத்தது.

1960 பிப்ரவரி 1ஆம் தேதி, வட கரோலினா ஏ அண்ட் டி கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் கிரீன்ஸ்பரோவில் வுல்வொர்த் கடையின் சாப்பாட்டு மேடையில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். வெள்ளையருக்கு மட்டுமான மேடை அது. செய்தி தென் மாநிலக் கல்லூரிகள் முழுக்கப் பரவியது. அந்த மாதம் 25ஆம் தேதி, அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில், அலபாமா ஸ்டேட் கல்லூரி மாணவர்கள் 29 பேர் கவுண்டி நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த சிற்றுண்டிச் சாலைக்குப் போய் உட்கார்ந்தார்கள். அரசுக் கட்டடத்துக்குள், மக்கள் வரிப்பணத்தில் இருந்த கடை. பரிமாற மறுத்து, கடையையே மூடிவிட்டார்கள். மாணவர்கள் வெளியேறி நடைக்கூடத்தில் ஒரு மணி நேரம்போல் நின்றார்கள். சண்டை இல்லை, சேதம் இல்லை.

அலபாமா ஆளுநர் ஜான் பேட்டர்சன் மாநிலக் கல்வி வாரியத்துக்கும் தலைவர். அன்றே கல்லூரித் தலைவர் டிரென்ஹோமிடம், அந்த மாணவர்களை நீக்குவது பற்றிப் பேசிவிட்டார். டிரென்ஹோம் முப்பது ஆண்டுக்கு மேலாக அந்தக் கல்லூரியைக் கட்டிக் காத்தவர், கறுப்பினத்தவர். கல்லூரியின் ஒவ்வொரு காசும் ஆளுநர் கையிலிருந்து வர வேண்டியிருந்தது. மாணவர்கள் ஓயவில்லை. மார்ச் 1ஆம் தேதி சுமார் 600 பேர் மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடத்தின் படிகளுக்கு நடந்துபோய்ப் பக்திப் பாடல் பாடினார்கள். மறுநாள் கல்வி வாரியம் கூடி ஒன்பது மாணவர்களை நீக்கியது, 20 பேரை எச்சரிக்கைக் கண்காணிப்பில் வைத்தது. ஒன்பது பேரில் யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அடுத்த சில நாட்களில் கடிதம் போயிற்று. இன்ன குற்றம் என்று அதில் குறிப்பாக எதுவும் இல்லை.

அந்தக் கடிதத்தைத் தீர்ப்பில் படித்தபோது, பாட்டி பைபிளுக்குள் வைத்துக் கொண்டுவந்த கடிதம் என் மேசையில்தான் இருந்தது.

மாணவர்களுக்காக வழக்குப் போட்டவர் ஃப்ரெட் கிரே. ரோசா பார்க்ஸுக்கும் மார்ட்டின் லூதர் கிங்குக்கும் வக்கீலாக இருந்தவர். அவரே அலபாமா ஸ்டேட் கல்லூரியில்தான் படித்தார். அலபாமாவில் கறுப்பினத்தவரைச் சட்டக் கல்லூரியில் சேர்க்க மாட்டார்கள் என்பதால் ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்துக்குப் போய்ச் சட்டம் படித்து, ஊருக்கே திரும்பி வந்து, 1954இல் தொழில் தொடங்கினார். இந்த வழக்கில் அவரோடு தர்குட் மார்ஷலும் நின்றார். மார்ஷலும் கறுப்பினக் கல்லூரிகளின் பிள்ளைதான். லிங்கன் பல்கலைக்கழகத்தில் பட்டம், ஹோவர்டில் சட்டம்.

அக்காலத்தில் மாணவர் பக்கம் சட்டம் கிடையாது. கல்லூரி பெற்றோர் இடத்தில் இருப்பது, அது வைத்ததே தண்டனை என்பதே நிலை. 1928இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகம், எங்கள் கல்லூரிப் பெண்ணுக்குரிய இலக்கணம் உன்னிடம் இல்லை என்பதைத் தவிரக் காரணம் எதுவும் சொல்லாமல் ஒரு மாணவியை நீக்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லும் என்றது. அலபாமா அரசும் அதையே சொன்னது: கல்லூரியில் படிப்பது உரிமையில்லை, சலுகை, சலுகையை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

முதல் சுற்றில் மாணவர்கள் தோற்றார்கள். தோற்கடித்த நீதிபதி ஃப்ராங்க் ஜான்சன், மாண்ட்கோமரி பேருந்துகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1956இல் தீர்ப்புச் சொன்ன இருவரில் ஒருவர். மற்றொருவர் ரிச்சர்ட் ரைவ்ஸ். மேல்முறையீடு ஐந்தாம் வட்டார நீதிமன்றத்துக்குப் போனபோது அதே ரைவ்ஸ் முன் வந்தது. 1961 ஆகஸ்ட் 4ஆம் தேதி, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மாணவர்கள் வென்றார்கள். படிப்பு இல்லாமல் பிழைக்க முடியாத காலத்தில், சலுகை என்று பெயர் வைத்துவிட்டு அரசு அதை நினைத்தபடி பறிக்க முடியாது என்றார் ரைவ்ஸ். எந்த விதியை மீறினார் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். எதிராகச் சாட்சி சொன்னவர் யார், என்ன சொன்னார் என்று தெரிவிக்க வேண்டும். மாணவர் தன் தரப்பையும் சாட்சிகளையும் முன்வைக்க இடம் தர வேண்டும். நீதிமன்றம்போல முழு விசாரணை தேவையில்லை, ஆனால் இரு பக்கமும் கேட்க வேண்டும். டிக்சன் எதிர் அலபாமா மாநிலக் கல்வி வாரியம் என்பது வழக்கின் பெயர்.

அந்தத் தீர்ப்பில் எனக்கு மிகவும் பயன்பட்ட இடம் வேறு. நீக்கத்துக்கு வாக்களித்த வாரிய உறுப்பினர்கள் சாட்சிக் கூண்டில் சொன்ன காரணங்கள் ஒத்துப்போகவில்லை. ஒருவர் சிற்றுண்டிச் சாலையைச் சொன்னார், ஒருவர் ஊர்வலங்களைச் சொன்னார். எதற்காக நீக்கினோம் என்று நீக்கியவர்களுக்கே ஒருமித்துத் தெரியவில்லை. காரணத்தைக் கடிதத்தில் எழுதக் கட்டாயப்படுத்தினால், எழுதுகிறவர் முதலில் யோசிக்க வேண்டியிருக்கும். மாணவருக்கு மட்டும் நன்மை என்று இதை நினைக்கிறார்கள். தவறு செய்யாமல் கல்லூரியையும் காப்பது அதுதான்.

1975இல் உச்ச நீதிமன்றம் கோஸ் எதிர் லோபஸ் வழக்கில், பள்ளிப் பிள்ளையைப் பத்து நாள் நிறுத்தி வைப்பதற்குக்கூட முதலில் சொல்லிக் கேட்க வேண்டும் என்றபோது, டிக்சன் வழக்கை வழிகாட்டியாகக் காட்டியது. அந்த ஒன்பது பேரின் பதிவேட்டிலிருந்து நீக்கத்தை அலபாமா மாநிலம் அழித்தது 2018இல், 58 ஆண்டு கழித்து. அதற்குள் ஒன்பது பேரில் சிலர் உயிரோடு இல்லை.

ஐந்தாம் வட்டார நீதிமன்றம் 1981இல் இரண்டாகப் பிரிந்தது; பிரிவதற்கு முன் வந்த தீர்ப்புகள் இரு பாதிகளையும் கட்டுப்படுத்தும். ஆகவே டெக்சஸ் முதல் ஃப்ளோரிடா வரை டிக்சன் சட்டம்தான். மத்திய மாவட்ட நீதிமன்றத்தில் அவசரத் தடையாணை கேட்டு மனுப் போட்டோம். மாநிலக் கல்லூரியின் மேல் நேராக வழக்குப் போட முடியாது என்பதால் கடிதத்தில் கையெழுத்திட்ட அதிகாரிகளைப் பிரதிவாதிகளாக்கினோம்.

கல்லூரிக்காக வந்த வக்கீல் அதே கல்லூரியில் படித்தவர், அதே பேண்டில் டிராம்போன் வாசித்தவர். விசாரணைக்கு முன் நடைக்கூடத்தில் என்னிடம் வந்தார். "அம்மா, நான் ராபர்ட் சாம்பியனின் இறுதிச் சடங்கைத் தொலைக்காட்சியில் பார்த்தவன். என் கல்லூரியில் அது நடக்க விட மாட்டேன்" என்றார். மனதாரச் சொன்னார். நான் சொன்னேன்: "அதற்காகத்தான் நாங்களும் வந்திருக்கிறோம். மயங்கி விழுந்த பெண்ணை யார் தூக்கிப்போனார்கள் என்று உங்கள் கல்லூரி இதுவரை விசாரிக்கவில்லை."

நீதிபதி இரு தரப்பு மனுக்களையும் படித்துவிட்டு வந்திருந்தார். கல்லூரி வக்கீல், வளாகப் பாதுகாப்பு, உடனடி ஆபத்து என்று வாதிட்டார். ஆபத்து இருந்தால் விசாரணைக்கு முன்பே தற்காலிகமாக வெளியே நிறுத்தலாம் என்பது சட்டம்தான், நானும் அதை மறுக்கவில்லை. நீதிபதி கேட்டது ஒரே கேள்வி: "இந்த மாணவி மீதான குற்றச்சாட்டு என்ன? கடிதத்தில் காட்டுங்கள்." வக்கீல் கடிதத்தைப் புரட்டினார். பாட்டி என் அலுவலகத்தில் கேட்ட அதே கேள்வி. வக்கீலால் காட்ட முடியவில்லை. நீதிபதி ஆணை எதுவும் போடவில்லை. மதிய இடைவேளைக்கு முன் நீங்கள் இருவரும் பேசிவிட்டு வாருங்கள் என்றார். மதியத்துக்குள் உடன்பாடு எழுதிவிட்டோம். நீக்கம் நிறுத்திவைப்பு, பட்டியலில் இருந்த எல்லோருக்கும் எழுத்தில் குற்றச்சாட்டு, இரண்டு வாரத்துக்குள் விசாரணை, அதுவரை விடுதி உண்டு, வகுப்பு உண்டு, பேண்ட் மட்டும் இல்லை.

கல்லூரி விசாரணைக் குழுவில் பேராசிரியர்களும் மாணவர் பிரதிநிதிகளும் இருந்தார்கள். அங்கே வக்கீல் பக்கத்தில் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. பேச வேண்டியது மாணவர்தான். இருபது வருடம் வாதாடிப் பழகியவளுக்கு ஊமையாக உட்காருவது மிகக் கடினம். அதனால் முந்தைய நாட்களில் அவளைக் கேள்வி கேட்கப் பழக்கியிருந்தேன்: கோபப்படாதே, சொற்பொழிவு ஆற்றாதே, ஒரு கேள்வியில் ஒரு விஷயம் மட்டும் கேள்.

விசாரணை அதிகாரியை அவள் கேட்டாள்: "என்னிடம் நீங்கள் பேசினீர்களா?" இல்லை. "மயங்கி விழுந்த மாணவியிடம் பேசினீர்களா?" அவருடைய தாயார் அனுமதிக்கவில்லை. "உணவுக்கூடத்தில் யாரையாவது கேட்டீர்களா?" இல்லை. பிறகு உணவுக்கூட மேற்பார்வையாளர் வந்தார். வெள்ளைக் கவச உடுப்போடு, வேலைக்கு நடுவில் வந்தவர். அன்று இரவு அவள் எத்தனை மணிக்கு அட்டை தேய்த்து வெளியேறினாள் என்ற பதிவைக் கொடுத்தார். போனில் வந்த செய்தியின் நேரம் அதற்குப் பிறகு. மயங்கி விழுந்த பெண் நேரில் வரவில்லை. தாயார் வழியாக எழுத்தில் இரண்டு வரி அனுப்பியிருந்தாள்: இவள் அங்கே எதுவும் செய்யவில்லை, என்னைத் தூக்கிச் சென்றது இவள்தான்.

குழுவில் இருந்த மாணவர் ஒருவர், நான் எதிர்பார்த்திருந்த கேள்வியைக் கேட்டார்: "போன வருடம் உனக்கும் நடந்ததா?" அவள் என் பக்கம் திரும்பவில்லை. "நடந்தது. நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த வருடம் அவள் விழுந்திருக்க மாட்டாள்" என்றாள். அறையில் சிறிது நேரம் யாரும் அடுத்த கேள்வி கேட்கவில்லை.

தீர்ப்பு ஒரு வாரத்தில், காரணங்களோடு நான்கு பக்கத்தில் வந்தது. ராகிங்கில் ஈடுபட்ட குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. தெரிந்தும் புகார் செய்யாத குற்றம் நிரூபணம். அதற்கு ஓராண்டு எச்சரிக்கைக் கண்காணிப்பு, அந்தப் பருவம் முழுக்க பேண்டில் இடமில்லை. பட்டியலில் இருந்த மற்றவர்களும் விசாரிக்கப்பட்டார்கள். மூவர் மீண்டும் நீக்கப்பட்டார்கள், இந்த முறை என்ன செய்தார்கள் என்று எழுதி. மேல்முறையீடு வேண்டுமா என்று பாட்டியையும் பேத்தியையும் கேட்டேன். பாட்டிக்குக் கோபம், காப்பாற்றியவளுக்கும் தண்டனையா என்றார். பேத்தி வேண்டாம் என்றுவிட்டாள். என் கருத்தும் அதுதான்: அந்தத் தண்டனை நியாயம், மூவரின் நீக்கமும் நியாயம். பேண்டை நேசிக்கிறவர்கள்தான் அதற்குள் நடக்கும் அடிதடியை வெளியே சொல்ல வேண்டும்.

அவள் செமஸ்டரை முடித்தாள். அடுத்த ஆகஸ்டில் பேண்டுக்குத் திரும்பினாள், உதவித்தொகையும் திரும்பியது. கணக்கியலில் பட்டம் வாங்கினாள்.

அமெரிக்கக் கல்லூரிகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்று ஏராளம். இப்படி ஒரு கடிதம் உங்கள் வீட்டுக்கும் வரலாம்; காப்பி அடித்ததாக இருக்கலாம், விடுதிச் சண்டையாக இருக்கலாம். வந்தால் அவமானத்தில் பெட்டி கட்டாதீர்கள். தானாக விலகிக்கொண்டால் பதிவேட்டில் ஒன்றும் இருக்காது என்று யாராவது ஆறுதல் சொன்னால், ஆலோசனை கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். விலகியவருக்குப் பெரும்பாலும் விசாரணை கேட்கும் வாய்ப்பு போய்விடும். எந்த விதி, எந்த நாள், யார் சொன்னது என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக் கெடு என்றைக்கு என்று பாருங்கள், பல இடங்களில் அது சில நாட்கள்தான். தனியார் கல்லூரியானால் அரசியல் சட்டம் நேராக உதவாது. அவர்களுடைய மாணவர் கையேட்டில் எழுதியிருக்கும் நடைமுறைதான் உங்கள் ஆயுதம், அதை முதலில் தேடிப் படியுங்கள். அரசுக் கல்லூரியானால், மாண்ட்கோமரி மாணவர்கள் வாங்கிக் கொடுத்த உரிமை உங்கள் பிள்ளைக்கும் உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள்.